எல் நினோ ஆண்டில் கும்பப்பூ: பசிபிக் கடலின் சூடு பேச்சிப்பாறையை எப்படி எட்டுகிறது?

தேரூர்க்குளம்:

அனைவருக்கும் வணக்கம். செய்தித்தாளில் எல் நினோ என்ற சொல் வந்துவிட்டால் போதும், இந்த ஆண்டு மழை பொய்த்துவிடும், கும்பப்பூ நெல்லுக்கு வயல் முழுவதையும் நட வேண்டாம் என்று எங்கள் குமரி மாவட்டத்தில் பேச்சு கிளம்பிவிடுகிறது. பழைய ஆண்டுகளை எடுத்துப் பார்த்தால் அந்தப் பேச்சுக்கு நேர் எதிராக அல்லவா நடந்திருக்கிறது? 2015 வலுவான எல் நினோ ஆண்டு; அந்தக் கார்த்திகையில்தான் சென்னை வெள்ளத்தில் மூழ்கியது. 2023உம் எல் நினோ ஆண்டுதான். மார்கழி பிறக்கும் வேளையில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்துக்குள் 95 சென்டிமீட்டர் கொட்டித் தீர்த்தது. 2016இல் எல் நினோ விலகிப் பசிபிக் குளிர்ந்துவிட்டது. அந்த ஆண்டு வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் இயல்பைவிட 62 விழுக்காடு குறைந்து, 2017 ஜனவரியில் எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவையாக அரசு அறிவிக்கும் நிலை வந்தது.

பதினாயிரம் கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள கடல் ஒரு டிகிரி சூடாவதற்கும் எங்கள் பேச்சிப்பாறை அணையின் 48 அடி நீர்மட்டத்துக்கும் உண்மையிலேயே தொடர்பு உண்டா, உண்டென்றால் அது எந்தப் பக்கம் இழுக்கிறது என்பதை விவரம் தெரிந்தவர்கள் பொறுமையாக எழுத வேண்டுகிறேன். இணைப்பை மட்டும் போட்டுவிட்டுப் போக வேண்டாம்.

குழித்துறை ஆசிரியர்:

தேரூர் நண்பருக்கு வணக்கம். நீங்கள் குறிப்பிட்ட மூன்று ஆண்டுகளும் விதிவிலக்குகள் அல்ல. எல் நினோ, இந்தியாவின் தென்மேற்குப் பருவமழையைக் குறைக்கும் பக்கமும், தென்னகத்தின் வடகிழக்குப் பருவமழையைக் கூட்டும் பக்கமும் சாய்கிறது. நாடு தழுவிய செய்தி முதல் பாதியை மட்டுமே சொல்கிறது, ஏனெனில் நாட்டின் பெரும்பகுதிக்கு ஜூன் முதல் செப்டம்பர் வரை பெய்வதே மழை. நம் மாவட்டமோ இடவப்பாதி என்ற தென்மேற்கு மழையையும் ஐப்பசி அடைமழையையும் ஏறத்தாழ இணையாகப் பெறுகிற மாவட்டம். ஆகவே வடக்கே எழுதப்படும் தலைப்புச் செய்தியை அப்படியே எடுத்துக் கும்பப்பூவுக்குப் பொருத்தினால், திசையே மாறிப்போகும்.

இனி, காரணம். இயல்பான ஆண்டில் பசிபிக்கின் நடுக்கோட்டை ஒட்டிக் காற்று கிழக்கிலிருந்து மேற்காக வீசிக்கொண்டே இருக்கிறது. கிண்ணத்திலுள்ள சுக்குக் காப்பியை ஒரு பக்கமிருந்து ஊதினால் எதிர் விளிம்பில் ஏறுவதைப் போல, மேற்பரப்பின் வெந்நீர் இந்தோனேசியாவின் பக்கம் போய்ச் சேர்கிறது; அங்கே கடல்மட்டம் தென் அமெரிக்கக் கரையைவிட ஏறக்குறைய அரை மீட்டர் உயர்ந்தே இருக்கிறது. கிழக்கே, பெருவின் கரையில், விலகிய மேல்நீருக்கு ஈடாக ஆழத்திலிருந்து குளிர்ந்த நீர் மேலெழுகிறது. இந்தக் காற்று தளரும் ஆண்டில், மேற்கே தேங்கிய வெந்நீர் கிழக்கே திரும்பிப் பரவுகிறது. பசிபிக்கின் நடுப்பகுதியில், வானிலை மையங்கள் கண்காணிக்கும் பரப்பில், நீண்டகாலச் சராசரியைவிட அரை டிகிரி செல்சியசுக்கு மேல் சூடு கூடி, அது பல மாதங்கள் நிலைத்தால் அதை எல் நினோ என்கிறார்கள். அதற்கு மாறாக அதே அளவு குளிர்ந்தால் அது லா நினா.

அரை டிகிரி என்பது நம் கைக்கே தெரியாத சூடு என்று பலரும் நினைப்பது இயற்கை. ஆனால் வெப்ப மண்டலக் கடலின் மேல் இடிமேகம் உயரமாக எழும்ப ஏறக்குறைய 27, 28 டிகிரி வேண்டியிருக்கிறது. 29 டிகிரியில் இருக்கிற மேற்குப் பசிபிக்கும், அந்த வரம்பை ஒட்டி நிற்கிற நடுப் பசிபிக்கும் சிறிதளவு இடம் மாற்றிக்கொண்டாலே, மழை கொட்டும் மையம் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் நகர்ந்துவிடும். மழை பெய்யும்போது நீராவி தன்னுள் வைத்திருந்த வெப்பத்தை வானில் விடுகிறது. அந்த வெப்பமே காற்றை மேலே தூக்குகிறது. மேலே போன காற்று எங்கேனும் இறங்கியாக வேண்டும். இறங்குகிற இடத்தில் மேகம் கூடாது. கடல் சூடாவது ஓரிடம், வானம் வெளிறுவது வேறோரிடம் என்று ஆவது இதனால்தான்.

எல் நினோவின் ஆனி, ஆடி மாதங்களில் அப்படி இறங்கும் காற்றின் ஒரு பகுதி இந்தியத் துணைக்கண்டத்தின் மேல் அமர்கிறது. வடமேற்கிலும் நடு இந்தியாவிலும் அதன் பிடி கூடுதல். ஐப்பசிக்குள் பருவமழையின் தாழ்வழுத்தப் பட்டை தெற்கே இறங்கிவிடுவதால் களமே மாறுகிறது. இப்போது காற்று இறங்குவது பெரும்பாலும் இந்தோனேசியாவின் மேல். அங்கிருந்து மேற்கு நோக்கிப் புறப்படும் கீழைக்காற்று தென்வங்கக் கடலின் ஈரத்தைச் சுமந்துகொண்டு இலங்கைக்கும் தென்தமிழகத்துக்கும் வருகிறது. மேகம் கூடும் மையமும் மேற்கு இந்தியப் பெருங்கடலின் பக்கம் விலகி வருகிறது. நமக்கு அது சாதகம். லா நினாவில் இந்தோனேசியாவே மேகத்தைத் தன்பக்கம் இழுத்துக்கொள்கிறது.

சாய்கிறது என்ற சொல்லை நான் கவனித்தே எழுதியிருக்கிறேன். அதை யாரும் பெய்யும் என்றோ பொய்க்கும் என்றோ மாற்றிப் படிக்க வேண்டாம்.

கீரிப்பாறை ரப்பர்:

ஆசிரியர் ஐயாவின் விளக்கம் தெளிவாக இருக்கிறது, ஆனால் கணக்கு அவ்வளவு எளிதில் உடன்படவில்லை. 1997ஆம் ஆண்டின் எல் நினோ சென்ற நூற்றாண்டின் மிக வலுவானவற்றுள் ஒன்று. அந்த ஆண்டு நாட்டின் தென்மேற்குப் பருவமழை நீண்டகாலச் சராசரியில் 102 விழுக்காடு. 2002இல் வந்தது நடுத்தர எல் நினோ. பருவமழை 81 விழுக்காட்டுக்கு இறங்கிப் பெரும் வறட்சி. வலுவானது ஒன்றும் செய்யவில்லை, நடுத்தரமானது நாட்டையே வாட்டியது. இன்னொரு பக்கம், 2010உம் 2021உம் லா நினா ஆண்டுகள். இரண்டிலும் வடகிழக்குப் பருவமழை குறையவில்லை, கூடியது. 2021 நவம்பரில் நம் மாவட்டம் பட்டது யாருக்கும் மறந்திருக்காது: இருப்புப் பாதையில் மண் சரிந்து ரயில்கள் நின்றன, குளங்கள் உடைந்தன, நட்ட வயல் எது, குளம் எது என்று தெரியவில்லை.

எங்கள் தொழிலில் இதற்கு நேரடியாகப் பணமதிப்பு உண்டு. ஐப்பசியில் காலையிலேயே மரம் நனைந்துவிட்டால் வெட்டிய பட்டையின் மேல் தண்ணீர் வழிந்து, பால் சிரட்டையில் விழாமல் மரம் முழுவதும் பரவிப்போகும். அதற்காக வெட்டுப்பட்டைக்கு மேலே பிளாஸ்டிக் பாவாடை கட்டிக் கீலைப் பூசி, மழைக்காலம் முழுவதும் பால் வெட்டு நடக்கச் செய்கிறோம். மரத்துக்கு மரம் கட்டுவது செலவுள்ள வேலை. எல் நினோ என்றால் மழை குறைவு என்று யாரோ சொன்னதைக் கேட்டுப் பாவாடை கட்டாமல் விட்டவரும் உண்டு, லா நினா என்று அஞ்சி இரட்டைச் செலவு செய்தவரும் உண்டு. இப்போது இரண்டு பருவத்துக்கும் எதிரெதிர்ப் பலன் என்கிறீர்கள். எது வந்தாலும் பொருந்தும் விளக்கமாக அது ஆகிவிடக் கூடாது அல்லவா?

குழித்துறை ஆசிரியர்:

மறுப்பு நியாயமானது. 1997ஐ விளக்க இரண்டு செய்திகள் வேண்டும்.

முதலாவது, பசிபிக் எங்கே சூடானது என்பது. பெருவின் கரையை ஒட்டிக் கிழக்கில் சூடு குவியும் ஆண்டுகளைவிட, நடுப் பசிபிக்கில் சூடு குவியும் ஆண்டுகளில்தான் இறங்கும் காற்று இந்தியாவின் மேல் நேராக வந்து அமர்கிறது. 1997இல் சூட்டின் உச்சம் கிழக்கே இருந்தது, 2002இல் நடுவே. ஆகவே எத்தனை டிகிரி என்று மட்டும் கேட்டால் விடை பிழைக்கும்.

இரண்டாவது, நம் சொந்தக் கடல். இந்தியப் பெருங்கடலுக்குள்ளேயே ஒரு தராசு உண்டு என்பதை 1999இல்தான் அறிவியலாளர்கள் பெயரிட்டு விவரித்தார்கள்: இந்தியப் பெருங்கடல் இருமுனை. ஆப்பிரிக்கக் கரைப்பக்கம் சூடாகிச் சுமத்ராவின் பக்கம் குளிர்ந்தால் அது நேர்நிலை. மாறாக இருந்தால் எதிர்நிலை. இது வைகாசி, ஆனியில் முளைத்துப் புரட்டாசி, ஐப்பசியில் உச்சத்துக்குப் போய், பருவக்காற்று திசை மாறியதும் மார்கழிக்குள் அடங்கிவிடுகிறது. 1997இல் வலுவான நேர்நிலை; எல் நினோ பறித்ததை அது பெரும்பாலும் ஈடுகட்டியது. 2019இல் பசிபிக் பெரிதாக ஒன்றும் செய்யாத நிலையில் இருமுனை மட்டும் மிக வலுவான நேர்நிலையில் நின்றது. பருவமழை 110 விழுக்காடு. 2023 ஆகஸ்ட், 1901 முதலான பதிவுகளிலேயே நாட்டின் மிக வறண்ட ஆகஸ்ட்; ஆனால் செப்டம்பரில் இருமுனை நேர்நிலைக்கு ஏற, பருவம் 94 விழுக்காட்டில் முடிந்தது. எல் நினோவும் நேர்நிலை இருமுனையும் சேர்ந்து வந்தால் வடகிழக்குப் பருவமழைக்கு இரண்டும் ஒரே பக்கம் தள்ளுகின்றன. 2016இல் லா நினாவின் சாயலும் எதிர்நிலை இருமுனையும் சேர்ந்தன. விளைவைத் தேரூர் நண்பரே எழுதிவிட்டார்.

2021க்கு இந்த இரண்டாலும் விடை இல்லை. லா நினா, இருமுனையும் எதிர்நிலை, இருந்தும் வங்கக்கடலில் தாழ்வழுத்தம் ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றிக்கொண்டே இருந்தது. பருவத்தின் சாய்வைப் பெருங்கடல் தீர்மானிக்கிறது. அதற்குள் எந்த வாரம் மேகம் வரும் என்பதை 30 முதல் 60 நாட்களில் உலகைக் கிழக்கு நோக்கிச் சுற்றிவரும் மேகத் திரள்களும், குமரிக்கடலில் திடீரென்று உருவாகும் கீழடுக்குச் சுழற்சிகளும் தீர்மானிக்கின்றன. ஒரு பருவத்தில் மூன்று சுழற்சிகள் நமக்கு நேராக வந்துவிட்டால் கடல் சொன்ன சாய்வு அடிபட்டுப் போகும். வடகிழக்குப் பருவமழைக்கும் எல் நினோவுக்கும் உள்ள தொடர்பு மிதமானதே. ரப்பர் தோட்டக்காரர் கேட்பது போல எல்லாவற்றையும் விளக்கிவிடும் கொள்கை அல்ல இது. சில ஆண்டுகளை விளக்காது என்று வெளிப்படையாக ஒப்புக்கொள்ளும் கொள்கை.

நைரோபி நாஞ்சிலான்:

ஆசிரியர் அண்ணாச்சிக்கு வணக்கம். சொந்த ஊர் பூதப்பாண்டிப் பக்கம், பிழைப்பு கென்யாவில். ஒரே கடற்சூடு இரண்டு பருவத்துக்கு இரண்டு பலன் தரும் என்பதை நம்ப முடியாதவர்கள் ஆப்பிரிக்காவை ஒருமுறை பார்க்க வேண்டும். இங்கே அது ஒரு கண்டம் முழுவதும் விரித்து எழுதப்பட்டிருக்கிறது.

கென்யாவில் இரண்டு மழைக்காலம் உண்டு. மார்ச் முதல் மே வரை பெய்வது மசிகா; அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்வது வுலி. நீண்ட மழையான மசிகாவுக்கும் பசிபிக்குக்கும் தொடர்பு மெலிது. குறு மழையான வுலியோ எல் நினோவும் நேர்நிலை இருமுனையும் வரும்போது பெருக்கெடுக்கிறது, ஏனெனில் சூடான மேற்கு இந்தியப் பெருங்கடல் எங்கள் வாசலிலேயே இருக்கிறது. 1997இல் அப்படி ஒரு வெள்ளம். அதற்குப்பின் எல் நினோ என்ற சொல்லே இங்கே மக்கள் வாயில் வெள்ளத்தின் பெயராகிவிட்டது. 2019இன் வுலியில் ஆறுகள் கரை உடைத்தன. அந்த ஈரத்தில் பச்சை பிடித்த பாலைநிலங்களில் வெட்டுக்கிளி பெருகி, 2020இல் கென்யா பல பத்தாண்டுகளாகக் கண்டிராத படையெடுப்பைக் கண்டது. அடுத்து மூன்று ஆண்டுகள் தொடர்ச்சியாக லா நினா. 2020 கடைசி முதல் 2022 கடைசி வரை ஐந்து மழைக்காலங்கள் அடுத்தடுத்துப் பொய்த்தன. வடக்கே மேய்ச்சல்காரர்களின் மாடுகள் பாதையோரத்தில் செத்துக் கிடந்ததை நேரில் பார்த்தவன் நான்.

இதே எல் நினோ வடக்கே எத்தியோப்பிய மேட்டுநிலத்துக்குப் போனால் கதை தலைகீழ். அங்கே ஜூன் முதல் செப்டம்பர் வரை பெய்வதே முக்கிய மழை. எல் நினோ அதைக் குறைக்கிறது. 2015இல் அங்கே கடும் வறட்சி. நீல நைலுக்குத் தண்ணீர் தருவது அந்த மேட்டுநிலமே என்பதால், எகிப்தில் நைலின் வெள்ளம் குறைந்த பழைய ஆண்டுகளுக்கும் எல் நினோவுக்கும் ஆய்வாளர்கள் தொடர்பு காண்கிறார்கள். தெற்கே சாம்பியா, சிம்பாப்வே, மலாவி நாடுகளிலும் எல் நினோ என்றால் வறட்சிதான்; அவர்களின் மழைக்காலத்தின் உச்சம் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை. 2024 தொடக்கத்தில் மூன்று நாடுகளும் வறட்சியைத் தேசியப் பேரிடராக அறிவித்தன. மேற்கே சஹேல் பகுதிக்கு முக்கியமாகக் கணக்கு பார்க்க வேண்டியது அட்லாண்டிக்கை. ஆகக் கண்டத்தின் வடகிழக்கில் வறட்சி, நடுக்கோட்டில் வெள்ளம், தெற்கில் வறட்சி, எல்லாம் ஒரே ஆண்டில். எல் நினோ ஆப்பிரிக்காவுக்கு என்ன செய்யும் என்று பொதுவாகக் கேட்டால் இங்கே யாரும் பதில் சொல்ல மாட்டார்கள். எந்த ஊர், எந்த மாதம் என்றுதான் திருப்பிக் கேட்பார்கள்.

ஒரு கூடுதல் செய்தி: ஐப்பசி, கார்த்திகையில் எங்களுக்கு வுலி பெருகும் ஆண்டுகளில் பலவற்றில் உங்களுக்கும் மழை நன்றாகவே இருக்கிறது. ஆஸ்திரேலியாவுக்கு அதே ஆண்டுகள் காட்டுத்தீ ஆண்டுகள்; 2019இன் கடைசி மாதங்கள் அதற்குச் சாட்சி.

சின்னமுட்டம் கடலோடி:

நிலத்தில் நிற்பவர்கள் மழையைக் கொண்டு பேசுகிறீர்கள். நாங்கள் காற்றையும் நீவாடு என்ற கடல் நீரோட்டத்தையும் கொண்டு பேசுவோம். ஆசிரியர் ஐயா சொன்ன பெருக் கரையின் குளிர்நீர் எங்களுக்குப் புதிய செய்தி அன்று. குமரிமுனைக்குத் தெற்கே இருக்கிற வெட்ஜ் பேங்க் என்ற கடலடித் திட்டு மீன்வளம் கொண்ட இடமாக இருப்பதும் அதே வேலையால்தான்: கச்சான், சோழகம் என்ற காற்றுகள் வலுக்கும் ஆனி, ஆடியில் அடிநீர் மேலே வந்து, அதோடு மீனுக்கு வேண்டிய சத்தும் மேலே வருகிறது. எல் நினோ என்று முதலில் பெயர் வைத்தவர்களும் பெரு நாட்டு மீனவர்கள்தாம். கிறிஸ்துமஸை ஒட்டிக் கடல் சூடாகி மீன் அகன்றுபோவதால் குழந்தை இயேசுவின் பெயரையே வைத்தார்கள். 1972இல் அப்படிச் சூடானபோது, உலகிலேயே பெரியதாக இருந்த அவர்களின் நெத்திலி மீன்பிடி சரிந்து விழுந்தது.

எல் நினோவுக்கு அடுத்த கோடையில் நம் பக்கத்துக் கடலும் சேர்ந்து சூடேறும். மன்னார் வளைகுடாவில் 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் பவளப்பாறைகள் வெளிறிப்போனது அந்தச் சூட்டால். பாறை செத்தால் பாறைமீனும் போகும். மழையைப் பற்றி மட்டும் பேசி இதை விட்டுவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

இன்னொன்றையும் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். பருவ முன்னறிவிப்பைப் படித்துவிட்டு யாரும் கடலுக்குப் போவதையோ போகாமல் இருப்பதையோ முடிவு செய்யக் கூடாது. 2017 நவம்பர் 30ஆம் தேதியை எங்கள் கரையில் யாரும் மறக்கவில்லை. ஒக்கி குமரிக்கடலில் ஒரே நாளுக்குள் தாழ்வழுத்தத்திலிருந்து புயலாகிவிட்டது. பசிபிக் அந்த ஆண்டு சற்றே குளிர்ந்திருந்தது என்ற செய்தி அன்று கடலில் கிடந்தவனுக்கு எதற்கும் உதவாது. அதற்கு வேண்டியது மணிக்கணக்கில் வரும் எச்சரிக்கையும், அது நடுக்கடலில் இருக்கிற வள்ளத்துக்குப் போய்ச் சேரும் வழியும்.

முப்பந்தல் காற்று:

ஆரல்வாய்மொழிக்குக் கிழக்கே இருக்கிறவன் என்ற முறையில் ஒரு வரி. மாவட்டம் இரண்டு பருவத்திலும் இணையாக நனைகிறது என்பது சராசரிக் கணக்கு. இடவப்பாதி பேச்சிப்பாறையிலும் பெருஞ்சாணியிலும் கொட்டும்போது கணவாயைத் தாண்டி எங்களுக்கு வருவது வெறும் காற்று. அதனால்தான் இங்கே காற்றாலை நிற்கிறது. எங்களுக்கு மழை என்றால் ஐப்பசியும் கார்த்திகையுமே. ஆகவே எல் நினோவைப் பற்றி விளவங்கோட்டுக்காரர் கவலைப்படுவதும் அகஸ்தீஸ்வரத்துக்காரர் கவலைப்படுவதும் ஒன்றாகாது.

கீரிப்பாறை ரப்பர்:

நைரோபி நண்பரின் விவரமும் முப்பந்தலாரின் ஒரு வரியும் சேர்ந்து என் ஐயத்தில் பாதியைத் தீர்த்துவிட்டன. மீதிப் பாதி இது: தொடர்பு நிலையானதா? முப்பது ஆண்டுத் தரவை வைத்து வரைந்த கோடு அடுத்த முப்பது ஆண்டுக்கும் பொருந்துமா?

குழித்துறை ஆசிரியர்:

அந்தக் கேள்விக்கு நூறு ஆண்டு வரலாறு உண்டு. தாது வருடப் பஞ்சம் என்று நம் முன்னோர் சொன்ன 1876–78 பஞ்சத்துக்குப் பின்னால் மிக வலுவான ஓர் எல் நினோ இருந்தது என்று இன்று தெரியும். அன்று அது யாருக்கும் தெரியாது. அந்தப் பஞ்சத்துக்கும் 1899இன் வறட்சிக்கும் பின்னர், பருவமழையை முன்கூட்டி அறிய வேண்டும் என்ற நெருக்கடியில் 1904இல் இந்திய வானிலைத் துறையின் தலைமைக்கு வந்தவர் கில்பர்ட் வாக்கர். அவர் வானிலை படித்தவர் அல்லர், கேம்பிரிட்ஜில் கணிதம் படித்தவர். உலகெங்குமுள்ள நிலையங்களின் காற்றழுத்தக் கணக்குகளை எழுத்தர்களைக் கொண்டு கையாலேயே ஒப்பிட்டு, பசிபிக்கில் அழுத்தம் ஏறும்போது இந்தியப் பெருங்கடலில் இறங்குகிறது என்ற ஊசலைக் கண்டுபிடித்தார். தெற்கத்திய ஊசலாட்டம் என்று அவர் அழைத்த அதை, இன்றும் டஹிடியின் அழுத்தத்தையும் ஆஸ்திரேலியாவின் டார்வினின் அழுத்தத்தையும் ஒப்பிட்டு அளக்கிறோம். அந்த ஊசலும் கடற்சூடும் ஒரே நிகழ்ச்சியின் இரண்டு முகங்கள் என்பதை 1960களின் இறுதியில் ஜேக்கப் பியர்க்னஸ் விளக்கினார்.

வாக்கரின் சமன்பாடுகள் அவருக்குப் பின்னர் பருவமழையைச் சரியாகச் சொல்லத் தவறின. 1980களுக்குப் பிறகு தென்மேற்குப் பருவமழைக்கும் எல் நினோவுக்கும் இடையிலான தொடர்பு தளர்ந்திருக்கிறது என்று 1999இல் ஆய்வுகள் வந்தன. 2002, 2009 வறட்சிகள் வந்து, அவ்வளவு அவசரமாகக் கைகழுவ வேண்டாம் என்று காட்டின. 2009இல் பருவமழை 78 விழுக்காடுதான். ஆகவே தொடர்பு உண்டு, ஆனால் அதன் இறுக்கம் பத்தாண்டுக்குப் பத்தாண்டு மாறும். அதனால்தான் இன்றைய முன்னறிவிப்பு ஒற்றைக் கோட்டை நம்புவதில்லை. பசிபிக்கின் நடுக்கோட்டில் நங்கூரமிட்ட மிதவைகளும், ஆழத்துக்குப் போய் மேலே வந்து அளவைச் செயற்கைக்கோளுக்கு அனுப்பும் மிதவைக் கருவிகளும் தரும் இன்றைய நிலையிலிருந்து கணினி மாதிரிகளைப் பல முறை ஓட்டி, பெரும்பான்மை எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்கிறார்கள்.

தேரூர்க்குளம்:

எல்லோருக்கும் நன்றி. காரணம் விளங்கிவிட்டது. இனி வயலுக்கு வருவோம். முதல் போகமான கன்னிப்பூவுக்குச் சித்திரையில் பொடிவிதைப்பு. இரண்டாம் போகமான கும்பப்பூவுக்குப் புரட்டாசியில் நாற்று. இந்த இரண்டு முடிவிலும் பசிபிக்கின் செய்தியை எங்கே, எவ்வளவு நம்பலாம்?

குழித்துறை ஆசிரியர்:

இரண்டுக்கும் ஒரே மதிப்பைக் கொடுக்கக் கூடாது என்பதே என் கருத்து. பசிபிக்குக்கு ஒரு வழக்கம் உண்டு: மார்ச் முதல் மே வரை அதன் நிலை தடுமாறும் காலம். அப்போது காற்றும் கடலும் ஒன்றையொன்று இறுக்கிப் பிடிக்காததால், சிறு தள்ளுதலே அந்த ஆண்டை எல் நினோவாகவோ இயல்பான ஆண்டாகவோ திருப்பிவிடும். அந்த மாதங்களுக்கு முன்னர் செய்த கணிப்புகள் பல தவறிப்போயிருக்கின்றன. நீங்கள் கன்னிப்பூவை முடிவு செய்வது சரியாக அந்தக் காலத்தில். வானிலைத் துறையின் முதல் அறிவிப்பு ஏப்ரல் நடுவில் வருகிறது. அது நாடு தழுவிய எண், நம் மாவட்டத்துக்கான எண் அன்று. மேலும் எல் நினோவின் பிடி வடமேற்கில் இருக்கிற அளவுக்கு மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்கோடியில் இல்லை. ஆகவே கன்னிப்பூவுக்கு அணையில் அன்று இருக்கிற தண்ணீரையும் மே கடைசியில் வரும் இரண்டாம் அறிவிப்பையும் பாருங்கள். அதற்கு மேல் பசிபிக்கைப் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

செப்டம்பருக்கு வந்தால் நிலை வேறு. எல் நினோ வந்துவிட்டதா, இருமுனை எந்தப் பக்கம் என்பது அப்போது அளந்து தெரிந்த செய்தி. அநேகமாக அது மார்கழி வரை மாறாது. கும்பப்பூவின் முடிவு அப்போதுதான் எடுக்கப்படுகிறது என்பது நமக்கு வாய்த்த வசதி. ஆனால் அதை நடலாமா வேண்டாமா என்ற கேள்விக்குப் பயன்படுத்துவதைவிட, தண்ணீரை எப்படிச் செலவிடுவது என்ற கேள்விக்குப் பயன்படுத்துவதே பொருத்தம்.

எல் நினோ ஆண்டில் இடவப்பாதி மெலிந்து, புரட்டாசியில் அணை குறைவாக நிற்கக்கூடும். அதைப் பார்த்து மிரண்டு வயலைத் தரிசு போடுவது பெரும்பாலும் தேவையற்றது, ஏனெனில் நிரப்பும் வாய்ப்புள்ள மழை இனிமேல்தான். அந்த ஆண்டில் செய்ய வேண்டியது குளத்தின் மிகைநீர் வழியும் மறுகாலையும் வடிகாலையும் ஐப்பசிக்கு முன் சுத்தம் செய்வது. இளம் நாற்று தண்ணீரில் அழுகுவதே அந்த ஆண்டின் அச்சம். லா நினா ஆண்டிலோ பேச்சிப்பாறையும் பெருஞ்சாணியும் புரட்டாசியில் ததும்பி நிற்பதைக் கண்டு எல்லோரும் தாராளமாகத் திறந்துவிடுவார்கள். பின்னர் வடகிழக்கு ஏமாற்றினால், கதிர் பால் பிடிக்கும் தை, மாசியில் கடைவரம்பு வயலுக்குச் சானலில் தண்ணீர் வராது. நிறைந்த அணையைக் கண்டு சிக்கனம் பேசுவது யாருக்கும் பிடிக்காத வேலை. ஆனாலும் அந்த ஆண்டில் முறைவைத்துத் தண்ணீர் விடுவதைப் பொங்கலுக்குப் பிறகு அல்ல, ஐப்பசியிலேயே தொடங்க வேண்டும் என்று பாசன சங்கங்கள் கேட்க வேண்டும்.

முப்பந்தல் காற்று:

தோவாளைச் சானலின் வாலில் இருப்பவர்களுக்குக் கடைசிப் பத்தி அத்தனையும் உண்மை. அப்படிப்பட்ட ஆண்டில் 150 நாளுக்கு மேல் எடுக்கும் பொன்மணியை விட்டுவிட்டு, நான்கு மாதத்துக்குள் அறுத்துவிடக்கூடிய அம்பை 16 போன்ற குறுகிய வயது நெல்லுக்குப் போவதும் ஒரு வழி.

தேரூர்க்குளம்:

முப்பந்தலாரின் யோசனை வாலில் இருப்பவருக்குச் சரி. எங்களுக்குக் குளம் இருக்கிறது, பொன்மணியின் வைக்கோலும் வேண்டும். ஆகவே ரகத்தை மாற்றாமல், மறுகால் வேலையை மட்டும் ஆவணியிலேயே எடுக்கச் சங்கக் கூட்டத்தில் கேட்கப் போகிறேன். செப்டம்பர் கடைசியில் வானிலைத் துறை வடகிழக்குப் பருவமழைக்கான அறிவிப்பை வெளியிட்டதும், பசிபிக்கின் நிலையையும் இருமுனையின் நிலையையும் ஆசிரியர் ஐயா இந்த இழையிலேயே பதிந்தால், பேச்சிப்பாறை, பெருஞ்சாணி அணைகளின் அன்றைய மட்டத்தை நான் அதனடியில் சேர்க்கிறேன். கிழக்கே மழையின் அளவை முப்பந்தலாரும், மேற்கே பால் வெட்டு நின்ற நாட்களைக் கீரிப்பாறையாரும் சேர்த்தால் தை வரை ஒரு கணக்கு கிடைக்கும்.

கீரிப்பாறை ரப்பர்:

சேர்க்கிறேன். ஆனால் மரத்துக்குப் பாவாடை கட்டுவதை இந்த ஆண்டு எந்தக் கடலையும் பார்த்து நிறுத்தப் போவதில்லை.